பட்டாளத்துச் சுருதி

பியானோ நன்றாக ஒலித்தால் வாசித்தவருக்குப் பேர், கெட்டு ஒலித்தால் சுருதி கூட்டினவனுக்குப் பேர். எங்கள் தொழிலில் வேறு விதமாக யாருக்கும் பேர் கிடைத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

நான் மலாயாவில் ஈப்போவுக்குத் தச்சு வேலைக்கென்று வந்தவன். பியானோ விற்கும் சீன முதலாளி ஒருவர், தவுக்கே என்போம், உடைந்துபோன மூடி ஒன்றை ஒட்டித் தரச் சொல்லி என்னைக் கூப்பிட்டார். ஒட்டி முடித்த பிறகு நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். நடுவில் ஒரு கட்டை அழுகிறதே என்று சொல்லித் தொலைத்தேன். அன்றைக்கு மாட்டிக்கொண்டவன்தான். பெரிய சண்டை முடிந்து, ரப்பர் விலை விழுவதும் எழுவதுமாக இருந்த அந்த வருஷங்களில், பேராக் சீமையில் எந்தத் துரை வீட்டுப் பியானோ இருமினாலும் நான்தான் தந்தி முறுக்கும் சாவியைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும்.

இந்த ஊர் ஈரம் பியானோவுக்கு ஆகாது. மழைக்காலத்தில் கட்டைகள் ஊதிப்போய், அழுத்தினால் அழுந்தியபடியே கிடக்கும். தந்தி துருப்பிடிக்கும். உள்ளே இருக்கும் கம்பளித் துணியைப் பூச்சி அரிக்கும். ஈரம் அண்டாமல் இருக்க அடியில் ஒரு சின்ன விளக்கை ஏற்றி வையுங்கள் என்று சொல்லிவிட்டு வருவோம். அடுத்த தடவை போனால் அந்தச் சூட்டில் துரையின் காலுறை காய்ந்துகொண்டிருக்கும். கடிகாரம், தையல் மெஷின், தண்ணீர்ப் பம்பு என்று அடுத்தவர் வீட்டுச் சாமானைப் பழுது பார்த்துப் பிழைக்கிறவர்களே, உங்களுக்கு நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை. நம்மையெல்லாம் வாசல் வரைக்கும் திட்டிக்கொண்டே வந்து வழியனுப்புவார்கள். நான் சொல்லப் போவது அந்தத் திட்டுகளைப் பற்றி அல்ல. ஒரு தடவை பாராட்டு கிடைத்தது. அதைப் பற்றித்தான்.

கறையான் வந்த வழி

சிலிம் ரிவர் பக்கம் ஒரு தோட்டத்து பங்களாவில், பியானோவின் இடது பக்கத்துக் கட்டைகள் எதுவும் பேசவில்லை என்று ஆள் வந்தது. போய் அடிப்பலகையைக் கழற்றினேன். பலகை கையோடு வந்தது. அதற்குப் பின்னால் இருக்க வேண்டிய மரம் வரவில்லை, ஏனென்றால் அது இல்லை. கறையான் உள்ளே எல்லாவற்றையும் தின்றுவிட்டு வார்னிஷை மட்டும் மரியாதையாக விட்டு வைத்திருந்தது. போன தடவை நான் வந்து போன பிறகுதான் இப்படி ஆயிற்று என்றார் துரை. என் சாமான் பெட்டியைத் திறந்து காட்டச் சொல்லி, அதில் கறையான் இருக்கிறதா என்று குனிந்து பார்த்தார். நானும் கூடவே குனிந்து பார்த்தேன். என்ன செய்வது, அவர் துரை.

திரும்பி நடக்கும்போது, கூலிகளுக்கு வரிசையாக ஒற்றை அறை கட்டின லயத்தைத் தாண்டின இடத்தில் ஒரு பெண் என்னை நிறுத்தினாள். ரப்பர் பால்மரம் வெட்டிவிட்டு வந்த உடை, இடுப்பில் ஒரு சின்னப் பெண் குழந்தை. பெயர் அருளாயி என்றாள். அவள் புருஷன் சவரிமுத்து தைப்பிங்கில் இருந்த பட்டாள பேண்டில் கிளாரினெட் வாசித்தவன். சண்டை முடிந்ததும் பட்டாளத்தைக் கலைத்தார்கள். பட்டாளத்தோடு அவர்கள் இருந்த வீடும் போயிற்று. அவளையும் குழந்தையையும் இந்தத் தோட்டத்தில் கங்காணியாக இருக்கும் அண்ணன் வீட்டில் விட்டுவிட்டு, அவன் ஈப்போவுக்குப் பிழைப்புத் தேடிப் போனான். அண்ணி இப்போதெல்லாம் இவளைக் கண்டால் அரிசிப் பானையை மூடி வைக்கிறாளாம். இதைச் சொல்லும்போது அவள் அழவில்லை. யாருக்கோ நடந்ததைச் சொல்வது மாதிரி சொன்னாள்.

"பாட்டுக்காரங்க எல்லாரையும் ஒங்களுக்குத் தெரியும்னாங்க. அவரப் பாத்தா, ஒரு கூரை பாக்கச் சொல்லுங்கண்ணே. பேண்டு சட்டையப் போட்டுக்கிட்டு வெறுங்கையோட மறுபடி வந்து நிக்க வேணாம்னு சொல்லுங்க."

காகித மாடி

சவரிமுத்துவைத் தேட வேண்டிய அவசியமே இருக்கவில்லை. ஈப்போவில் வசதியுள்ள சீனர் யாராவது செத்தால் சவ ஊர்வலத்துக்கு முன்னால் வெள்ளைக்கார வாத்தியங்களோடு ஒரு பேண்டு வாசித்துக்கொண்டு போகும். கலைந்த பட்டாளத்து ஆட்கள் பாதிப்பேர் அதில்தான் இருந்தார்கள். சுரங்கம் வைத்திருந்த ஒருவருடைய சவ ஊர்வலத்தில் அவனைப் பார்த்தேன். வெள்ளைக்காரர்கள் கிளப்பில் ஜோடி ஜோடியாக ஆடுகிற ஒரு குதிநடைப் பாட்டைப் பெட்டிக்கு முன்னால் ஊதிக்கொண்டு போனார்கள். செத்தவர் வீட்டாருக்கு அது என்ன பாட்டென்று தெரியாது, பேண்டுக்காரர்களுக்கும் வேறு பாட்டு வராது. யாருக்கும் மனக்குறை இல்லை.

அந்தக் கூச்சலிலும் ஒரு கிளாரினெட் மட்டும் தனியாகக் கேட்டது. நான் பக்கத்திலேயே நடந்து போய், மரத்தடியில் அவர்கள் இளைப்பாறிய நேரத்தில் அருளாயி சொன்னதைச் சொன்னேன். ஒல்லியான ஆள், பித்தளைப் பொத்தான் வைத்த வெள்ளைச் சட்டை, கழுத்துப்பட்டை மட்டும் கிழிந்து தைத்தது. குழந்தை நடக்கிறதா என்று முதலில் கேட்டான். இடுப்பில் இருந்தது, நடக்கிறதா தெரியவில்லை என்றேன். பிறகு, செத்தவருக்குப் போய்ச் சேரும் என்று எரிப்பதற்காக மூங்கிலும் வண்ணக் காகிதமுமாகச் செய்து தூக்கி வந்திருந்த பெரிய மாடி வீட்டைக் கையால் காட்டினான்.

"செத்தவங்களுக்கு வீடு இருக்கு, பாருங்கண்ணே, ஜன்னல் எல்லாம் வச்சு. எனக்குத்தான் ஒரு லயத்துக் காம்பரா கெடைக்கல."

நாலாவது ஆள்

சிம்பாங் பூலாய் பக்கம் ஈயச் சுரங்கம் ஒன்றைப் பிரெஞ்சுக்காரர்கள் நடத்தி வந்தார்கள். அதன் எஞ்ஜினியர் துரை வீட்டுப் பியானோ எங்கள் கடையில் வாங்கியது. துரைசாணி நன்றாக வாசிப்பார். துரை ஓபோ வாசிப்பார். மெல்லிய குழல், ஊதும்போது முகம் முழுக்க இரத்தம் ஏறிவிடும். ஞாயிறு பூசை முடிந்ததும் ஈப்போவிலிருந்து கத்தோலிக்கக் கோயில் சாமியார் ஒருவர் தன் வெள்ளிப் புல்லாங்குழலோடு வந்து சேர்ந்துகொள்வார். அவரும் பிரெஞ்சுக்காரர். புதுச்சேரியில் தமிழ் படித்துவிட்டு வந்தவர், அதனால் சோறு கேட்டாலும் பிரசங்கத் தமிழில்தான் கேட்பார்.

அவர்கள் ஊர்க்காரர் ஒருவர் எழுதிய உருப்படி ஒன்றை வாசிக்க மூவரும் ஆசைப்பட்டார்கள். அதற்குப் பியானோவோடு புல்லாங்குழல், ஓபோ, கிளாரினெட் என்று மூன்று குழல்கள் வேண்டும். வருஷக் கடைசியில் பாரிசிலிருந்து கம்பெனியின் பெரிய துரை வருகிறார், அவர் முன்னால் வாசிக்க வேண்டும். கிளாரினெட்டுக்குத்தான் ஆள் இல்லை. அது தனியாக வரும் இடத்திலெல்லாம் துரைசாணி வலது கையால் அதைப் பியானோவில் எடுத்துப் பார்த்துவிட்டு, சலிப்போடு மடியில் கையை வைத்துக்கொள்வார். நான் அப்போது தரையில் மல்லாந்து படுத்துப் பெடலைச் சரி செய்துகொண்டிருந்தேன். படுத்தபடியே, எனக்கு ஓர் ஆளைத் தெரியும், சுரம் எழுதின தாளை நடந்துகொண்டே வெயிலில் படிப்பான் என்றேன். அவனுக்கு வீடு இல்லை, பெண்டாட்டி பிள்ளை தோட்டத்தில் கிடக்கிறார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லிவைத்தேன். துரை குனிந்து, பியானோவுக்கு அடியில் இருந்த என் முகத்தைப் பார்த்து மலாயில் பதில் சொன்னார்.

"நல்லா வாசிச்சா அன்னைக்கே பெரிய துரைகிட்ட கேக்கிறேன். ஸ்டோர்ல கணக்கு எழுதுற கிராணி வேலை காலியா இருக்கு, கம்பெனி வீடும் சேர்த்து. வாசிக்கலைன்னா எனக்கு அந்த ஆளைத் தெரியாது."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்

சவரிமுத்து அந்த வெள்ளைச் சட்டையைத் துவைத்துப் பெட்டி போட்டு மாட்டிக்கொண்டு வந்தான். தாளைப் பார்த்தான், தலையை ஆட்டினான், நால்வரும் ஆரம்பித்தார்கள். பியானோவுக்கு அடியில் படுத்திருந்த நாய் எழுந்து வெளியே போய்விட்டது. அவ்வளவு மோசம். அவன் தப்பாக வாசிக்கவில்லை. தாளில் இருந்தது அப்படியே வந்தது. ஆனால் மற்றவர்களுக்கு மேலே எங்கேயோ நின்று வந்தது. வழக்கம் போல நான்கு பேரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள்.

தட்டினால் ஒரே சுரம் கொடுக்கும் இசைக்கவையை எடுத்துத் தட்டிப் பியானோ மீது வைத்தேன். பியானோ சரியாக இருந்தது. ஓபோ அதோடு ஒட்டியது, புல்லாங்குழலும் ஒட்டியது. அதே சுரத்தைச் சவரியை ஊதச் சொன்னேன். அரைச் சுரத்துக்குக் கொஞ்சம் குறைவாக மேலே நின்றது. குழலின் இணைப்புகளை இழுக்கிற மட்டும் இழுத்துப் பார்த்தான். கொஞ்சம் இறங்கியது, ஆனால் போதவில்லை. போதாததற்கு அதன் சுரங்களே ஒன்றோடொன்று சண்டை போட ஆரம்பித்தன.

அப்புறம்தான் எனக்கு விளங்கியது. இங்கிலீஷ்காரப் பட்டாளத்து வாத்தியங்களை மற்றவற்றைவிட உயரமான சுருதியில் செய்வார்கள் என்று தவுக்கே சொல்லிக் கேட்டிருக்கிறேன், மைதானத்தில் கணீரென்று கேட்க வேண்டுமாம். தைப்பிங்கில் அவனோடு வாசித்தவை எல்லாம் அந்த வகை. சவ ஊர்வலத்தில் வாசிப்பவையும் அந்தப் பட்டாளத்துச் சாமான்களே. வேறு சுருதி ஒன்று உலகத்தில் உண்டென்று தெரிந்துகொள்ள அவனுக்குச் சந்தர்ப்பமே வரவில்லை. நான் விளக்கிச் சொன்னதைக் கேட்டுவிட்டு, அவன் குழலைத் துடைக்க ஆரம்பித்தான்.

"இத்தன வருஷமா நான் சரியாத்தான் ஊதினேன்னு நெனச்சேன்ணே. மொத்தப் பட்டாளமுமே மேல நின்னிருக்கு."

இறங்கிப் போனோம்

புதுக் கிளாரினெட் பாரிசிலிருந்து கப்பலில் வருவதற்குள் பெரிய துரை வந்துவிட்டுத் திரும்பியே போய்விடுவார். பியானோவை மேலே ஏற்றலாமே என்றார் துரைசாணி. ஏற்றினால் தந்தி அறும், ஓபோவும் புல்லாங்குழலும் அந்த உயரத்துக்கு வராது என்றேன். சவரி ஒரு மூலையில் நின்று, தாளில் உள்ள ஒவ்வொரு சுரத்தையும் அதற்கு அரைச் சுரம் கீழே வைத்து மெதுவாக ஊதிப் பார்த்தான். பட்டாளத்தில் பேண்டு மாஸ்டர் தண்டனையாகக் கொடுக்கிற வேலையாம் அது. இப்போது அவன் மற்றவர்களுக்குக் கொஞ்சம் கீழே நின்றான். மேலே நின்றதைவிட அது நெருக்கம். ஆனால் நெருக்கம் என்பது ஒட்டுவது ஆகாது. சாமியார்தான், நாம் மூவரும் அவன் இருக்கும் இடத்துக்கு இறங்கிப் போனால் என்ன என்று கேட்டார்.

தந்தியை முறுக்குவதைவிடத் தளர்த்துவது எளிது. காலையில் ஆரம்பித்துப் பியானோ முழுவதையும் அந்தக் கொஞ்சம் கீழே இறக்கினேன். அது தன் பழைய இடத்துக்கு ஏறப் பார்க்கும், மறுபடி போய் இறக்குவேன். துரை ஓபோவின் சீவாளியை வெளியே இழுத்து வைத்துக்கொண்டார். சாமியார் புல்லாங்குழலை நீட்டிக்கொண்டார். சவரிக்குத்தான் கஷ்டம். சுலபமான விரலில் இருந்த பாட்டு முழுக்க இப்போது அவனுக்கு முடிச்சு முடிச்சாக மாறிவிட்டது. விரல் தோல் உரிந்துபோகும் வரைக்கும் உட்கார்ந்து பாடம் பண்ணினான்.

நடுவில் வேகம் தணிகிற ஓர் இடம் வரும். ஓபோ ஒரு சின்ன ராகத்தைச் சொல்லி நிறுத்தும், கிளாரினெட் அதைத் தனியாக வாங்கிப் பெரிதாக்கிப் பாடும். ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த இடம் முதல் தடவையாக ஒட்டி வந்தது. நான் பதினாறு பங்களா பியானோவைக் கேட்டுக் காது மரத்தவன். நானே கையில் இருந்த சாவியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டேன். முடிந்ததும் துரைசாணி ஏதோ கேட்க, இந்தக் குழல் இத்தனை நாள் எங்கே இருந்ததென்று அம்மா வினவுகிறார்கள் என்றார் சாமியார். சவரி எழுந்து நின்று பதில் சொன்னான்.

"ரோட்டுலதான் இருந்துச்சு, சாமி."

வெள்ளைக்கார விரல்

வேலை கிடைத்த மாதிரிதான் என்று அவன் தோட்டத்துக்குச் சொல்லி அனுப்பிவிட்டான். நான் வேண்டாம் என்றேன். கேட்கவில்லை. அருளாயி அண்ணியிடம் பெருமையாகச் சொல்லி, பாத்திரம் பண்டங்களைக் கட்டி வைத்துவிட்டாளாம். அண்ணியும் சந்தோஷமாக, போகிற நாளை அடிக்கடி விசாரித்தாளாம்.

இந்தச் சமயத்தில்தான் பெரிய குடும்பத்துச் சாவு ஒன்று வந்தது. அரிசி மில் முதலாளியின் தாயார். ஈப்போ முழுக்க ரோட்டில் நின்றது. பேண்டு புறப்பட்டது, சவரியும் ஊதினான். இராப்பகலாக அரைச் சுரம் இறக்கி இறக்கி வாசித்துப் பழகின அவன் விரல், அவனைக் கேட்காமலே இங்கேயும் இறங்கிவிட்டது. மொத்த பேண்டும் ஓர் இடத்தில், அவன் மட்டும் ஓர் இடத்தில். அதுவும் கணீரென்று கேட்கிற கிளாரினெட். செத்தவரின் மூத்த மகன் கெட்ட சகுனம் என்று ஊர்வலத்தை நிறுத்திவிட்டார். பேண்டு மாஸ்டர் மலாக்காவிலிருந்து வந்த ஒரு செராணி, போர்த்துக்கீசிய வம்சம். அவர் அங்கேயே ரோட்டில் பித்தளைப் பொத்தான் சட்டையைக் கழற்றி வாங்கிக்கொண்டார். சவரி பனியனோடு, குழலைக் கையில் பிடித்தபடி நின்றான். கூட்டம் அவனைச் சுற்றிக்கொண்டு போனது. இனி அவனுக்கு அந்த பங்களாவை விட்டால் வேறு வழி கிடையாது. பேண்டு மாஸ்டர் போகிற போக்கில் சொன்னதை என்னிடம் அவனே சொன்னான்.

"உன் விரல் இப்ப வெள்ளைக்காரன் விரல் ஆயிருச்சு லா. போ, அவன் வீட்டுல எவனாவது செத்தா கூப்புடுவான்."

தவுக்கேயின் நல்ல மனசு

இத்தனையும் நடக்கும்போது எங்கள் தவுக்கே சரக்கெடுக்கச் சிங்கப்பூர் போயிருந்தார். அவர் ஈப்போவுக்குத் திரும்பிய நேரத்தில் நான் பாரிட் புந்தாரில் இருந்தேன். நெல் வியாபாரி ஒருவர் வீட்டுப் பியானோவுக்குள் எலி குடும்பம் நடத்திக்கொண்டிருந்தது. வாசிப்பு வைத்திருந்த நாள் பிற்பகல் ரயிலில் வந்து இறங்கி, வாடகைக் கார் பிடித்து நேரே பங்களாவுக்குப் போனேன். தவுக்கே வாசலில் நின்று கையைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவர் காலடியில் சாமான் பெட்டி இருந்தது. அதைப் பார்த்ததும், பியானோவைத் தொட்டிருக்கிறார் என்று தெரிந்துவிட்டது.

அவர் மேல் குற்றமே இல்லை. பாரிசிலிருந்து வரும் பெரிய துரை தம் கடைப் பியானோவைக் கேட்கப் போகிறார் என்று அறிந்தால் எந்தத் தொழில்காரன் வீட்டில் உட்கார்ந்திருப்பான்? காலையிலேயே வந்திருக்கிறார். வீட்டார் எல்லாரும் விருந்தாளிகளை அழைத்து வர ஈப்போ ஸ்டேஷனுக்குப் போய், அங்கேயே சாப்பாட்டுக்கும் இருந்துவிட்டார்கள். ஹைலாம் சீனச் சமையல்காரர் கதவைத் திறந்து விட்டிருக்கிறார். தவுக்கே இசைக்கவையைத் தட்டி வைத்துப் பார்த்திருக்கிறார். பியானோ தாழ்ந்து கிடந்தது. சுருதி கூட்டுகிறவன் எவனும் அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க மாட்டான். நானாக இருந்தாலும் இருந்திருக்க மாட்டேன். மத்தியானச் சாப்பாடுகூட இல்லாமல் ஒவ்வொரு தந்தியாக மேலே ஏற்றி, இரண்டு தரம் சரிபார்த்து, கம்பளித் துணி தேய்ந்த இடத்தில் புதிதாக ஒட்டியும் வைத்திருந்தார். என் தோளைத் தட்டினார்.

"உன்னைத் திட்ட மாட்டேன், இந்த ஊர்க் காத்து அப்படி. ரொம்ப இறங்கிப் போயிருந்துச்சு, நானே மேலே ஏத்திட்டேன். காசு கேக்காதே, இது கடைப் பேரு."

மென்மையான நாதம்

உள்ளே ஓடினேன். வராந்தாவில் விருந்தாளிகள் குடித்துக்கொண்டிருந்தார்கள். துரையிடம் சொன்னேன், அவர் நம்பவில்லை. ஓபோவை எடுத்து ஊதிப் பார்த்ததும் நம்பினார். அவரும் சாமியாரும் தங்கள் குழல்களைப் பழையபடி உள்ளே தள்ளிப் பியானோவோடு ஒட்டிக்கொண்டார்கள். சவரிக்கு அந்த வசதி இல்லை. எழுதியபடி வாசித்தால் மேலே நிற்பான், பாடம் பண்ணியபடி வாசித்தால் கீழே நிற்பான். பியானோவை மறுபடி இறக்க ஒரு பகல் வேண்டும். விருந்தாளிகள் நாற்காலிகளில் உட்கார ஆரம்பித்துவிட்டார்கள்.

துரை சாமியாரிடம் பிரெஞ்சில் ஏதோ சொன்னார். சாமியார் மறுத்தார், துரை மறுபடி சொன்னார். பிறகு சாமியார் சவரியிடம் வந்து, தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். நால்வர் வாசிப்பார்கள் என்று பெரிய துரைக்கு அறிவித்தாகிவிட்டது. ஆகையால் அவன் தன் ஆசனத்தில் அமர வேண்டும், குழலை வாயில் வைத்து விரல்களை அசைக்க வேண்டும், ஊதக் கூடாது. சவரி என்னைப் பார்த்தான். நான் ஏதாவது செய்வேன் என்று நினைத்தானோ என்னவோ. என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. வேலை என்ன ஆகும் என்று சாமியாரைக் கேட்டான். சாமியாருக்குத் தெரியவில்லை. அவன் போய் உட்கார்ந்தான்.

சமையற்கட்டுக் கதவோரம் நின்று பார்த்தேன். ஒரு விரலைக்கூட அவன் ஏமாற்றவில்லை. பாடம் பண்ணின முடிச்சு அத்தனையையும் அதனதன் இடத்தில் போட்டான், மூச்செடுக்க வேண்டிய இடத்தில் மூச்செடுத்தான். எடுத்த மூச்சை மூக்கால் விட்டான். வேகம் தணியும் இடம் வந்தது. ஓபோ சொல்லி நிறுத்தியது, துரைசாணி அவன் பக்கம் திரும்பாமல் வலது கையால் கிளாரினெட்டின் ராகத்தைப் பியானோவில் வாசித்தார். சவரி கண்ணை மூடிக்கொண்டு கூடவே விரலை ஓட்டினான். எனக்கு அழுகை வந்துவிட்டது. பியானோ அன்றைக்கு அப்பழுக்கில்லாமல் இருந்தது, அதையும் சொல்ல வேண்டும். கைதட்டி ஓய்ந்ததும் பெரிய துரை நேராகச் சவரியிடம் வந்து அவன் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வெகு நேரம் பேசினார். சாமியார் முகம் வெளுத்துப் போயிருந்தது. ஆனாலும் மொழிபெயர்க்காமல் இருக்க முடியவில்லை.

"மகனே, நால்வரிலும் உன் நாதமே மிக மென்மையாய் இருந்தது என்று சொல்லுகிறார்."

ஸ்டோர் கிராணி

வேலை கிடைத்தது. துரை கேட்பதற்கு முன்பே பெரிய துரை, இந்த ஆளைக் கம்பெனியில் வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டாராம். எஞ்ஜினியர் துரை சந்தோஷமாகத்தான் கையெழுத்துப் போட்டார். ஆனால் அதற்குப் பிறகு சவரி ஸ்டோரில் இருக்கும்போது அவர் அந்தப் பக்கம் வருவதை விட்டுவிட்டார். அந்த உருப்படியை அந்த வீட்டில் மறுபடி யாரும் எடுக்கவில்லை. துரைசாணி தனியாக வாசிப்பார், சாமியார் தலைவலி என்று வராமல் இருந்தார்.

அருளாயியும் குழந்தையும் வந்த அன்றைக்கு ஈப்போ ஸ்டேஷனுக்கு நானும் போனேன். குழந்தை நடந்தது. தகரப் பெட்டியின் ஒரு பக்கத்தை அவனும் ஒரு பக்கத்தை நானும் பிடித்துக்கொண்டு, அருளாயி முன்னால் போகட்டும் என்று மெதுவாக நடந்தோம். இனிமேலாவது நிம்மதியாக இரு என்று, எல்லாரும் சொல்வதைத்தான் நானும் சொன்னேன். அவன் பெட்டியைக் கீழே வைத்து, கை மாற்றிக்கொண்டான்.

"ஊதினப்ப ஒரு காம்பரா குடுக்க ஆள் இல்ல. ஊதாம ஒக்காந்ததுக்கு வீடே குடுத்துட்டாங்க. இனிமே அத எதுக்குண்ணே தொடணும்?"

அருளாயி கேட்டது

தொடவில்லை. கிறிஸ்மஸ் பூசைக்குக் கோயிலில் கேட்டார்கள், மாட்டேன் என்றுவிட்டான். அந்த பங்களாப் பியானோவுக்குப் போகும்போதெல்லாம் நான் அவன் வீட்டுக்குள்ளும் எட்டிப் பார்ப்பேன். நல்ல வீடு. பலகைச் சுவர், தகரக் கூரை, வாசலில் அருளாயி போட்ட வெண்டைச் செடி. அரிசிப் பானையை யாரும் மூடி வைப்பதில்லை. கிளாரினெட் கட்டிலுக்கு அடியில் அதன் பெட்டியில் கிடந்தது. ஒரு நாள் சும்மா திறந்து பார்த்தேன், சீவாளியைப் பூச்சி தின்றிருந்தது, மரத்தில் நெடுக ஒரு வெடிப்பு. ஒட்டித் தரட்டுமா என்று கேட்கலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். அவன் முகத்தைப் பார்த்ததும் மூடிவிட்டேன்.

அருளாயிக்கு அவன் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. புருஷன் வாசித்து வாங்கின வீடு என்று அக்கம் பக்கத்தில் எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தாள். தோட்டத்து அண்ணிக்கும் ஆள் மூலம் சொல்லி அனுப்பியிருந்தாள். அன்றைக்கு எனக்குக் கோப்பி கொடுத்துவிட்டு, சவரி பக்கத்தில் இருக்கும்போதே என் முன்னால் தரையில் வந்து உட்கார்ந்தாள். அவன் எழுந்து போகவில்லை. கூரையைப் பார்த்துக்கொண்டு அப்படியே இருந்தான்.

"பெரிய தொரையே ரெண்டு கையாலயும் புடிச்சாராமே. இவரு வாயத் தொறக்க மாட்டேங்கிறாரு. அன்னைக்கு அப்புடி என்னதான் வாசிச்சாருன்னு, கூட இருந்தவரு நீங்களாவது சொல்லுங்கண்ணே."

சத்தம் சரியாக வருகிறதா என்று பார்க்க மட்டும்தான் எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்திருந்தார்கள், அதனால் கோப்பி ரொம்ப நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தேன்.